உஷார்! ரோடு வருது... பவர் பத்திரத்துல கையெழுத்துப் போடாதீங்க!

டீக்கடையில் முன்பின் தெரியாத ஆள் ஒருவர், 'இந்தக் காடு யாருது? எத்தனை ஏக்கர்?' என்று துருவித் துருவி விசாரிக்கிறாரா? உஷார்! உங்கள் ஊர்ப் பக்கம் ரோடு வருகிற சேதி உங்களுக்கு முன்பே அவருக்கு எட்டியிருக்கலாம்.

'கவர்மென்ட் எடுத்துக்கிட்டா காசு வர வருஷக்கணக்கா ஆகும். இப்பவே முடிச்சுக்கலாம்' என்பார். கடனில் நிற்கும் சிறு விவசாயி பவர் எழுதிக் கொடுத்துவிடுவார். தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுத்தால் சந்தை மதிப்போடு அதே அளவு ஆறுதல் தொகையும் உண்டு. அது யார் கைக்குப் போகும்? சொல்ல வேண்டுமா!

இன்னொரு கண்ணியை நாமே வைத்துக்கொள்கிறோம். முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிக்க, விற்ற விலையைப் பத்திரத்தில் குறைத்துக் காட்டுவது ஊரறிந்த பழக்கம். நாளை நஷ்டஈடு கணக்குப் போடும்போது, வழிகாட்டி மதிப்போடு அக்கம்பக்கத்தில் கடந்த 3 ஆண்டுகளில் பதிவான பத்திரங்களைத்தான் பார்ப்பார்கள். ஒருவர் மிச்சம் பிடித்ததற்கு ஊரே அழ வேண்டும்.

'மிச்ச நிலம் தங்கமாயிடும்' என்ற பேச்சையும் நம்பாதீர்கள். பெங்களூரு – சென்னை விரைவுச்சாலை போன்றவற்றில் நினைத்த இடத்தில் ஏறி இறங்க முடியாது. விலை ஏறுவது பெரும்பாலும் இறங்குவழி அருகில்தான். அங்கே யார் முன்கூட்டியே வாங்கிப் போட்டிருக்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். கிராமச் சாலைகூட எல்லாரையும் தூக்கிவிடுவதில்லை. பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தை ஆராய்ந்த ஆஷர், நோவோசாத் இருவரும் 2020-இல் வெளியிட்ட கட்டுரையில் சொன்னது இது: சாலை வந்ததும் பலர் விவசாயத்தை விட்டு வேறு வேலைக்குப் போனார்கள், ஆனால் 4 ஆண்டுகள் கழித்தும் விளைச்சலிலோ வருமானத்திலோ சொத்திலோ பெரிய மாற்றமில்லை. சாலையே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போக வழி வேண்டும்தான். லாபம் யாருக்கு என்பதுதான் கேள்வி.

1956-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி நிலம் எடுக்கப்போவதாகச் சொல்லும் 3ஏ பிரிவு அறிவிக்கை வந்த 21 நாளுக்குள் ஆட்சேபனையை எழுத்தில் கொடுத்தாக வேண்டும். நாளிதழில் பொடி எழுத்தில், வெறும் சர்வே நம்பர்களாக வரும், தவறவிடாதீர்கள். அடுத்து 3டி பிரிவு அறிவிக்கை வெளியானால் நிலம் மத்திய அரசுக்குச் சொந்தம்.

பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறதா? பங்காளித் தகராறு வந்தால் நஷ்டஈடு சிவில் கோர்ட்டில் முடங்கும். இந்த வாரமே தாலுகா ஆபீஸ் போய்ப் பெயர் மாற்றத்துக்கு மனுக் கொடுங்கள். வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். வக்கீலைக் கேட்காமல் யாருக்கும் பவர் கொடுக்காதீர்கள், சொந்த மச்சானே வந்து கேட்டாலும்!