பழைய பைக்: மீட்டர் சொல்லாத உண்மை

புது தில்லி: தமிழக எல்லையையொட்டிய பாலக்காடு, இடுக்கி மாவட்டப் பகுதிகளில் பழைய மோட்டார் சைக்கிள் வாங்குவோர், மீட்டரில் உள்ள கிலோமீட்டர் கணக்கை மட்டும் நம்பிவிடக் கூடாது. அது திருத்தப்பட்டிருக்கலாம். தேய்ந்த பிரேக் பெடல், ஃபுட்ரெஸ்ட் ரப்பர், செயின் ஸ்பிராக்கெட் ஆகியவையே வண்டியின் உண்மையான உழைப்பைக் காட்டிக்கொடுக்கும்.

வாளையாறு வழியாகச் செல்லும் பாலக்காட்டுக் கணவாய்ச் சாலை பெரும்பாலும் சமதளம். குமுளி, போடிமெட்டு சாலைகளோ மலையேற்றம். அங்கு குறைந்த கியரில் ஓடிய வண்டிக்கு கிளட்ச், பிரேக் தேய்மானம் அதிகம். எனவே, டேங்கை நிரப்பி, தொலைவு தெரிந்த சாலையில் ஓட்டி, மீண்டும் நிரப்ப வேண்டும். ஓடிய தொலைவை இரண்டாவதாக நிரப்பிய லிட்டரால் வகுத்தால் மைலேஜ் தெரிந்துவிடும். நீலப் புகை வந்தால், என்ஜின் ஆயில் எரிகிறது என்று பொருள்.

மாநிலம் மாறும் வண்டிக்குத் தடையில்லாச் சான்று அவசியம். 12 மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால், புதிய பதிவெண் பெற வேண்டும் என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம்.

பெயர் மாற்றாமல் விடுவது விற்றவருக்கும் ஆபத்து. பல கைகள் மாறிய ஒரு கார் விபத்து வழக்கில், பதிவேட்டில் உள்ள உரிமையாளரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. வண்டியை வாங்கியவர் 30 நாள்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிப்பதே இருவருக்கும் பாதுகாப்பு.