ஏறும்போது டீசல்... இறங்கும்போது உயிர்! போடிமெட்டு ரோடு சொல்லித்தரும் மைலேஜ் பாடம்

விடிகாலையிலேயே போடிநாயக்கனூர் முழித்துக்கொள்ளும். டீக்கடை பாய்லர் சூடேறும் நேரத்தில், தூக்குவாளியில் மதியச் சாப்பாட்டோடு ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் ஜீப்புக்குக் காத்து நிற்பார்கள். இன்னொரு பக்கம் பிக்கப் வண்டிகளில் அரிசி மூட்டை, காய்கறி, உரம் என்று சுமை ஏறும். எல்லா வண்டிகளும் போவது முந்தல் வழியாகப் போடிமெட்டுக்கு. அங்கிருந்து பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று பிரியும். சாயங்காலம் அதே வண்டிகள் ஆட்களோடும் ஏலக்காய் மூட்டைகளோடும் இறங்கி வரும். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கும் ஊர்கள் கேரளத்தில் புத்தடியும், தமிழ்நாட்டில் போடியும்தான்.

இந்தப் பிழைப்பு முழுக்க டீசலில் ஓடுகிறது. லிட்டர் 90 ரூபாயைத் தாண்டிவிட்ட காலத்தில் வண்டிக்காரர்களின் முதல் கவலை மைலேஜ். அதை மிச்சம் பிடிக்கிறோம் என்று சிலர் இறக்கத்தில் நியூட்ரல் போட்டு வண்டியை உருட்டுகிறார்கள். அதில் மிச்சமாவது ஒன்றுமில்லை, பறிபோகக்கூடியது உயிர். எப்படி என்று புரிய ஒரு சின்னக் கணக்குப் போதும்.

ஏற்றத்தின் விலை 2 லிட்டர்

போடிக்கும் போடிமெட்டுக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,000 மீட்டர். முந்தலைத் தாண்டியதும் சுமார் 20 கிலோமீட்டர் மலைப்பாதை, 17 கொண்டை ஊசி வளைவுகள். சுமையோடு சேர்த்து இரண்டரை டன் எடையுள்ள ஒரு பிக்கப்பை அந்த உயரத்துக்குத் தூக்க ஏறக்குறைய 7 யூனிட் சக்தி வேண்டும். கரன்ட் பில்லில் வருகிற அதே யூனிட்தான்.

ஒரு லிட்டர் டீசலுக்குள் இருப்பது சுமார் 10 யூனிட். ஆனால் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் இன்ஜின் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. மிச்சம் சூடாகவும் புகையாகவும் போய்விடும். ஆக, உயரம் ஏறுவதற்கு மட்டுமே 2 லிட்டர் டீசல் செலவு. டயர் உராய்வுக்கு ஆகும் டீசல் தனி. இந்த 2 லிட்டரை எவ்வளவு கெட்டிக்கார டிரைவராலும் பெரிதாகக் குறைக்க முடியாது. எடையைக் குறைத்தால்தான் குறையும்.

இறக்கத்தில் அது எங்கே போகிறது?

மேலே ஏற்றிய அந்த 7 யூனிட்டும் வண்டிக்குள்ளேயே சேமிப்பாக இருக்கிறது. இறங்கும்போது அது வெளியே வந்தாக வேண்டும். டயரும் காற்றும் கொஞ்சம் தின்றுவிடும். மீதி ஏறக்குறைய 5 யூனிட். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஐந்து மணி நேரம் எரிந்தால் எவ்வளவு சூடு வருமோ, அவ்வளவு சூடு. முக்கால் மணி நேர இறக்கத்தில் அத்தனையையும் பிரேக் மட்டுமே தாங்கினால் என்ன ஆகும்?

முதலில் கருகல் வாடை வரும். பிறகு பிரேக் ஆயில் கொதித்து உள்ளே குமிழி கட்டும். பெடலை மிதித்தால் பஞ்சில் கால் வைத்ததுபோல உள்ளே போகும், வண்டி நிற்காது.

ஹைப்ரிட் செய்யும் வேலை

மூணாறு பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகளின் ஹைப்ரிட் கார்களும் இப்போது இதே ரோட்டில் ஏறுகின்றன. 2022-ல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ் அந்த ரகம். இந்த வண்டிகளில் இன்ஜினோடு ஒரு மோட்டாரும் இருக்கிறது. இறக்கத்தில் அந்த மோட்டார் டைனமோவாக மாறி, பிரேக்கில் வீணாகும் சக்தியைப் பிடித்து பேட்டரியில் போடுகிறது.

அமெரிக்காவில் 2021-ல் ஃபோர்டு கொண்டுவந்த மேவரிக் ஹைப்ரிட் பிக்கப்பின் கணக்கைப் பார்த்தால் இதன் பலன் தெரியும். அந்நாட்டு அரசின் அளவீட்டில் அது நெடுஞ்சாலையில் லிட்டருக்கு சுமார் 14 கிலோமீட்டர் ஓடியது. ஊருக்குள் சுமார் 18. வழக்கமாக ஊருக்குள்தான் மைலேஜ் அடிவாங்கும். இங்கே தலைகீழ். அடிக்கடி பிரேக் பிடிக்கும் இடத்தில்தான் பேட்டரிக்கு வரவு அதிகம்.

அப்படியென்றால் ஹைப்ரிட் வாங்கிவிட்டால் போடிமெட்டில் கவலையே இல்லையா? இருக்கிறது. இந்த வண்டிகளின் பேட்டரி பெரும்பாலும் 1 அல்லது 2 யூனிட்தான் கொள்ளும். மேலேயிருந்து இறங்கத் தொடங்கிச் சில வளைவுகளிலேயே அது நிரம்பிவிடும். அதற்கப்புறம் சாதாரண வண்டி மாதிரி இன்ஜினைத்தான் நம்ப வேண்டும். பல டொயோட்டா ஹைப்ரிட்களின் கியர் லீவரில் 'பி' என்று ஒரு நிலை இருப்பது அதற்காகத்தான். நீண்ட இறக்கத்தில் அதைப் போட்டால், இன்ஜினும் வண்டியைப் பிடித்து நிறுத்த உதவும்.

ஹைப்ரிட்டில் இன்னொரு விஷயம், பிரேக்கை முன்கூட்டியே மெதுவாகத் தொட்டால் பேட்டரிக்கு வரவு அதிகம். கடைசி நேரத்தில் அழுத்தி மிதித்தால் அந்தச் சக்தி பிரேக் பேடுக்குச் சூடாகப் போய்விடும்.

நியூட்ரலில் மிச்சமா?

இப்போது நம்மூர் டீசல் பிக்கப்புக்கு வருவோம். கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இறக்கத்தில் சக்கரமே இன்ஜினைச் சுற்றுகிறது. அந்த நேரத்தில் இன்றைய இன்ஜின்கள் டீசல் தெளிப்பதையே நிறுத்திவிடும். செலவு பூஜ்யம்.

நியூட்ரலில் அப்படி இல்லை. இன்ஜின் அணையாமல் இருக்கவே டீசல் குடித்தாக வேண்டும். முக்கால் மணி நேர இறக்கத்தில் அது அரை லிட்டர் வரைகூடப் போகலாம். வண்டியை இழுத்துப் பிடிக்க இன்ஜினும் இல்லை; எல்லாச் சூடும் பிரேக்குக்கே. சாவியை அணைத்துவிட்டு உருட்டுவது இன்னும் மோசம். பவர் பிரேக்கும் பவர் ஸ்டீயரிங்கும் கைவிட்டுவிடும். ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு.

எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று மலை ரோட்டில் பழகியவர்கள் சொல்வது உயிருக்கான விதி மட்டுமல்ல, மைலேஜுக்கான விதியும்தான்.

நாளைக் காலையே செய்யக்கூடியவை

* காற்று: ஏறுவதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போதே காற்றுப் பாருங்கள். சுமைக்கு ஏற்ற அளவு வண்டியின் கதவு ஓரத்திலோ கையேட்டிலோ இருக்கும். காற்றுக் குறைந்த டயர் டீசலைத் தின்னும்.

* எடை: தேவையில்லாத 100 கிலோவை ஒருமுறை போடிமெட்டுக்கு ஏற்ற ஏறக்குறைய 80 மில்லி டீசல் ஆகும். தினமும் ஏறினால் மாதத்துக்கு 2 லிட்டருக்கு மேல். அளவுக்கு மீறி ஆளோ சுமையோ ஏற்றினால், இறக்கத்தில் பிரேக்குக்கும் அதே விகிதத்தில் சூடு கூடும்.

* கிளட்ச்: ஏற்றத்தில் பாதி கிளட்சில் வண்டியை நிறுத்திவைக்காதீர்கள். ஹேண்ட் பிரேக் அதற்குத்தான் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிட்டால், நடு வளைவில் திணறி ஆக்ஸிலரேட்டரை மிதிக்க வேண்டியிருக்காது.

* வழி: மலைப்பாதையில் அகலம் போதாத இடத்தில், ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டம். ஏற்றத்தில் நின்றுவிட்டு மறுபடி நகர்த்துவதற்குத்தான் டீசல் அதிகம்.

* காத்திருப்பு: செக்போஸ்ட்டிலோ, மண் சரிந்து ரோடு அடைபட்ட இடத்திலோ நிற்க நேர்ந்தால் இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

* வாடை: பிரேக் கருகும் வாடை வந்தால் அகலமான இடத்தில் ஒதுக்கி நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், தானாக ஆறட்டும்.

கணக்கு எப்படிப் பார்ப்பது?

மலை ஏறும்போது மட்டும் மைலேஜ் பார்த்தால் மனசு உடைந்துபோகும். இறங்கும்போது மட்டும் பார்த்தால் பெருமையாக இருக்கும். இரண்டும் பொய். போடியில் ஒரு பங்க்கில் டேங்கை நிரப்பி, மேலே போய்வந்து, அதே பங்க்கில் மறுபடி நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரைப் பிடித்த லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உண்மை. 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் பிடித்தால் மைலேஜ் பன்னிரண்டரை. காற்று, எடை, கியர் மூன்றையும் ஒரு மாதம் ஒழுங்காகக் கவனித்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்.

ஹைப்ரிட் பிக்கப் இந்த மலைக்கு எப்போது பரவலாக வருமோ, அப்போது வரட்டும். அதுவரை மிச்சம் பிடிக்கும் வேலை டிரைவரின் காலிடமும் கையிடமும்தான். சாயங்காலம் இறங்கும் ஜீப்பின் பின்சீட்டில், காலித் தூக்குவாளியை மடியில் வைத்துத் தூங்கிப்போனவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காகவும்தான் வண்டி கியரிலேயே இறங்க வேண்டும்.