புத்தகத்தின் உடலை நினைத்தவர்

ஒரு புத்தகத்தை எழுதினவர் யார் என்று நாம் கேட்கிறோம். அதன் அச்செழுத்துக்கு உருவம் கொடுத்தவர் யார், பக்கத்தின் ஓரத்தில் எவ்வளவு இடம் விடுவதென்று தீர்மானித்தவர் யார் என்று கேட்பதில்லை. இவ்வேலைகளோடு எழுதும் வேலையையும் ஒருங்கே செய்து, தம் சொந்தப் பட்டறையையே நம்பி ஜீவித்த ஒருவரைப் பற்றி வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர் அமெரிக்கராகிய டபிள்யூ. ஏ. டுவிக்கின்ஸ்.

1880-ல் ஒஹாயோ ராஜ்யத்தில் பிறந்த அவர், சிகாகோவில் பிரெடரிக் கௌடியிடம் எழுத்துக்கலை பயின்றார். 1904-ல் ஆசிரியரைப் பின்பற்றி, பாஸ்டனுக்கு அருகிலுள்ள ஹிங்ஹாம் என்னும் சிற்றூருக்கு வந்தார். ஆசிரியர் சீக்கிரமே நியூயார்க்குக்குப் போய்விட்டார். சீடரோ 1956-ல் காலமாகும் வரை அவ்வூரை விடவில்லை. வியாபாரிகளுக்கு விளம்பரம் வரைந்து கொடுப்பதே நெடுங்காலம் அவருடைய ஜீவனோபாயம். அதில் நல்ல கியாதியும் இருந்தது. ஆனால் மனம் வேறிடத்தில் இருந்தது. 1919-ல், இல்லாத சங்கம் ஒன்றின் பெயரால், நடவாத விசாரணை ஒன்றின் அறிக்கையை வெளியிட்டு, அக்காலத்துப் புத்தகங்கள் எவ்வளவு மட்டமாகத் தயாரிக்கப்படுகின்றன என்று பரிகசித்தார். சிரிக்க வைத்துக் கொண்டே குட்டும் வித்தை அவருக்குக் கைவந்திருந்தது.

பிறகு வந்தது நோய். 1920-களின் தொடக்கத்தில் அவருக்கு நீரிழிவு என்று வைத்தியர்கள் கண்டனர். இன்ஸுலின் அப்பொழுதுதான் வழக்கத்துக்கு வந்து கொண்டிருந்தது. சில வருஷங்களுக்கு முன்னரெனில் பிழைப்பதே அரிது. மிஞ்சிய ஆயுள் எவ்வளவோ தெரியாது. அதை விளம்பரத்துக்குக் கொடுப்பதா என்ற கேள்வி எழுந்தது. வருமானம் மிகுந்த தொழிலைச் சிறிது சிறிதாகக் குறைத்துக் கொண்டு புத்தகத்தின் பக்கம் திரும்பினார். செல்வர்களின் அலமாரிக்கான அபூர்வப் பிரதிகள் அல்ல அவர் கருதியவை. க்னாப் என்ற நியூயார்க் பிரசுராலயத்தாருக்கு அவர் அமைத்துக் கொடுத்த இருநூற்றுக்கும் மேற்பட்ட புத்தகங்கள், யந்திரத்தில் அச்சாகிச் சாதாரண மனிதன் கடையில் வாங்கிப் படித்தவை. இதுவே நம் மதிப்பில் அவருடைய பெருமை.

1928-ல் விளம்பர அமைப்பைப் பற்றி அவர் எழுதிய நூலில், ஸெரிப் இல்லாத எழுத்துக்களில் நல்லது கிடைக்கவில்லையென்று குறை கூறினார். லைனோடைப் கம்பெனியார், அப்படியானால் நீரே செய்து காட்டும் என்றனர். குறை கூறுவோரை இவ்விதம் பிடித்து உட்கார வைப்பவர்கள் எங்கும் சொற்பமே! அதிலிருந்து ‘மெட்ரோ’ பிறந்தது. பின்னர் ‘எலெக்ட்ரா’வும் ‘காலிடோனியா’வும் வந்தன.

பொம்மலாட்டம் அவருக்குப் பிராணன். ஒரு சமயம் இளம்பெண் பொம்மையின் முகத்தை மிருதுவாகச் செதுக்கினார். தூரத்தில் இருந்தவர்களுக்கு அந்த மென்மை தெரியவில்லை. கன்னத்தைக் கூரிய விளிம்புகளுள்ள தட்டைப் பரப்புகளாக வெட்டியபோதோ, கடைசி வரிசையிலிருந்து பார்த்தவர்களுக்கு அது மென்மையாகத் தோன்றிற்று. மிகச் சிறிய அச்செழுத்தையும் கண் அப்படித்தானே பார்க்கிறது என்று அவர் யோசித்தார். எழுத்தின் உள்வளைவுகளைக் கோணலாக வெட்டிப் பரீட்சித்தார். அதன் வரலாற்றை நண்பர் ஒருவருக்குக் கடிதமாக எழுதினார். 1940-ல் அக்கடிதமே நூலாக வெளிவந்தது.