எண்ணுக்கு உரியதும் எழுத்துக்கு உரியதும்

நாசிக் நகருக்கு அருகிலுள்ள தேவ்லாலியில் காப்ரேகர் (1905–1986) என்னும் பள்ளி ஆசிரியர் வாழ்ந்தார். எண்களோடு விளையாடுவதில் அவருக்குத் தீராத விருப்பம். அவர் கண்ட விளையாட்டு ஒன்று உலகப் புகழ் பெற்றது. நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லா இலக்கங்களும் ஒன்றாக இருத்தல் கூடாது. அவ்விலக்கங்களை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் எழுதிப் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும். விடையில் இலக்கம் குறைந்தால் முன்னே சுழியம் இட்டு, மீண்டும் அவ்வாறே செய்ய வேண்டும். எங்கே தொடங்கினாலும் ஏழு படிகளுக்குள் 6174 வந்துவிடும். பின்னர் விடை மாறுவதில்லை: 7641 − 1467 = 6174.

இராமானுசனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த ஹார்டி, இலக்கங்களைச் சார்ந்த புதிர்கள் கணித அறிஞரைப் பெரிதும் கவர்வன அல்ல என்று 1940-இல் எழுதினார். அக்கருத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. 6174-இன் வியப்பு அவ்வெண்ணுக்கு உரியதா, அதை எழுதும் முறைக்கு உரியதா?

நாம் பத்துப் பத்தாகத் தொகுத்து எழுதுகிறோம். இது பத்தடிமானம். நாள்களை வாரங்களாக எண்ணுவதுபோல ஏழு ஏழாகவும் தொகுக்கலாம். 13 நாள்கள் என்பன ஒரு வாரமும் ஆறு நாள்களும் ஆகும். எனவே ஏழடிமானத்தில் 13-ஐ ‘16’ என்று எழுத வேண்டும். அவ்வாறு எழுதியதனால் அது இரட்டை எண் ஆகிவிடாது. 13 கூழாங்கற்களைச் சமமான வரிசைகளாக அடுக்க முயன்றால், ஒரே வரிசையாகவோ வரிசைக்கு ஒரு கல்லாகவோ மட்டுமே அடுக்க முடியும். எப்படி எழுதினாலும் 13 பகா எண்ணே.

காப்ரேகரின் விளையாட்டு அத்தகையது அன்று. மூன்று இலக்க எண்களைக் கொண்டு அதைச் சோதிப்பது எளிது. பத்தடிமானத்தில் 831-இல் தொடங்கினால் 693, 594, 495 என்று சென்று 495-இல் நின்றுவிடும். எட்டடிமானத்தில் நிற்கும் இடம் 374. ஏழடிமானத்திலோ நிற்கும் இடமே இல்லை. 642-இலிருந்து 246-ஐக் கழித்தால் 363. 633-இலிருந்து 336-ஐக் கழித்தால் 264. அதன் இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதினால் மீண்டும் 642! இவ்விரண்டு விடைகளும் ஊஞ்சல்போல மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். (இக்கழித்தல்களில் கடன் வாங்கும்போது பத்து அன்று, ஏழு வாங்க வேண்டும்; பலர் தவறுவது இங்கேதான்.)

ஏன் இவ்வேறுபாடு? பத்தடிமானத்தில் விடையின் நடு இலக்கம் எப்போதும் 9. முதல் இலக்கமும் கடைசி இலக்கமும் கூடினாலும் 9. ஏழடிமானத்தில் அவ்விரு இடங்களிலும் 9-க்குப் பதிலாக 6 வருகிறது. 9 ஒற்றை எண். அதை இரு சம பங்காகப் பிரிக்க இயலாது. 4, 5 என்பதே மிக நெருங்கிய பிரிவு. 495 அங்கே நிலைபெறுகிறது. 6-ஐ 3, 3 என்று பிரிக்கலாம். ஆனால் 363-இல் அடுத்த கழித்தல் 2, 4 என்று பிரித்துவிடுகிறது. அதற்கடுத்தது மீண்டும் 3, 3 ஆக்குகிறது. எட்டடிமானத்தில் அந்த எண் 7. அதுவும் ஒற்றை எண்ணே.

495, 374 என்னும் விடைகள் எழுதும் முறையைச் சார்ந்தவை. விளையாட்டு ஓரிடத்தில் நிற்குமா, ஊசலாடுமா என்பதை முடிவு செய்வதோ, எம்முறையில் எழுதினாலும் மாறாத ஒற்றை, இரட்டை என்னும் இயல்பு.