உங்களுக்குத் தெரியுமா? - கேமுக்கு இரவுப் பூட்டு

● 2011 நவம்பரில் தென்கொரியாவில் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. இரவு 12 மணி ஆனால் 16 வயது நிரம்பாத பிள்ளைகள் ஆன்லைன் கேமை விட்டு வெளியேறிவிட வேண்டும். மறுபடி உள்ளே போகக் காலை 6 மணி ஆகும். ஊடகங்கள் வைத்த பெயர் ‘சிண்டரெல்லா சட்டம்’!

● 2012இல் ஒரு சர்வதேச ‘ஸ்டார்கிராஃப்ட் 2’ போட்டியின் தகுதிச் சுற்று. ஆடிக்கொண்டிருந்த கொரிய வீரருக்கு வயது 15. ஆட்டம் சூடுபிடித்த நேரத்தில் மணி பன்னிரண்டை நெருங்க, பையன் பதறிப்போனான். அப்புறம்? பெற்றோரின் அக்கவுண்டில் நுழைந்து தொடர்ந்து ஆடினான். சட்டத்தில் எங்கே ஓட்டை என்பது அன்றைக்கே தெரிந்துபோயிற்று. போதாக்குறைக்கு, கம்ப்யூட்டரைக் குறிவைத்த அந்தச் சட்டம் செல்போன் கேம்களைத் தொடவே இல்லை. பிள்ளைகளோ செல்போனுக்குத் தாவிவிட்டார்கள். 2021இல், குழந்தைகள் கட்டடம் கட்டி விளையாடும் ‘மைன்கிராஃப்ட்’ இந்தச் சட்டத்தின் விளைவாகக் கொரியாவில் பெரியவர்களுக்கு மட்டும் என்றானபோது எதிர்ப்பு வலுத்தது. 2022 ஜனவரி 1 முதல் சட்டம் இல்லை. பெற்றோரோ பிள்ளையோ கேட்டுக்கொண்டால் மட்டும், அவர்கள் குறிக்கும் நேரத்தில் கேம் பூட்டப்படும். இதுதான் உருப்படியான ஏற்பாடு என்று தோன்றுகிறது.

● சீனா எதிர்த்திசையில் போனது. 2021 செப்டம்பர் முதல் 18 வயதுக்குட்பட்டோருக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாள்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டுமே ஆன்லைன் கேம். அதற்கு முந்தைய 2019ஆம் ஆண்டு கட்டுப்பாடு பலித்ததா என்று சுமார் 700 கோடி மணி நேர விளையாட்டுப் பதிவுகளை ஆய்வாளர்கள் அலசினார்கள். அளவுக்கு மீறி ஆடுவது குறைந்ததற்கு நம்பத்தக்க சான்று கிடைக்கவில்லை. (அந்தத் தரவில் பெரியவர்களின் ஆட்டமும் கலந்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

● ஜப்பானின் ககாவா மாகாணத்தில் 2020 முதல் சிறார்களுக்குப் பள்ளி நாளில் 60 நிமிடம், விடுமுறையில் 90 நிமிடம் என்று வரையறை. மீறினால் தண்டனை? எதுவும் கிடையாது.

● நாள் முழுக்க ஆடினாலே நோய் ஆகிவிடாது. ஆட்டம் கைமீறி, படிப்பு, வேலை, குடும்பம் எல்லாம் கெட்ட பிறகும் நிறுத்த முடியாமல், பொதுவாக 12 மாதங்களாவது நீடித்தால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் அது ‘கேமிங் கோளாறு’.

● தமிழ்நாட்டிலும் பூட்டு வந்தது, பிள்ளைகளுக்கு மட்டும் அல்ல! பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பெரியவர்களும் நுழையக் கூடாது என்றன 2025ஆம் ஆண்டு விதிகள்; சிறார்களுக்கு எந்நேரமும் தடை. ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றை ஏற்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் பண விளையாட்டுகளையே ஒட்டுமொத்தமாகத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.