மயிலிட்டிக் கோயிலும் தோம்பேடும்

1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் வசமான பின், குடாநாட்டின் பல ஊர்களில் கோயில்கள் எழுந்தன. மயிலிட்டியிலும் ஒன்று இருந்தது. 1658இல் ஒல்லாந்தர் வந்து கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். கோயில்களைத் தம் சபைக்கு எடுத்து, அவற்றோடு பள்ளிக்கூடங்களையும் நடத்தினர். பள்ளிக்கூடத் தோம்பில் ஊரவரின் ஞானஸ்நானமும் விவாகமும் பதியப்பட்டன. காணித் தோம்பில் காணியும் உடையவர் பெயரும் எழுதப்பட்டன.

ஒல்லாந்தக் குருவானவர் பல்தேயஸ் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட நூலில் மயிலிட்டிக் கோயிலும் இடம்பெற்றது. ஆட்சிகள் மாறியும் எழுத்து நின்றதால் அக்கோயிலை நாம் இன்று அறிகிறோம்.

இது பழங்கதை மட்டுமல்ல. 1990 யூனில் எம்மக்கள் மயிலிட்டியை விட்டு இடம்பெயர்ந்தனர். 27 ஆண்டுகளின் பின், 2017 யூலை 3இல், துறைமுகமும் அதைச் சூழ்ந்த நிலமுமாக 54 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. வேலியும் வீடும் அழிந்த இடத்தில் காணி யாருடையது என்று சொல்வது எழுத்துத்தான்.

ஆகவே காணி உறுதிக்குப் பிரதி எடுத்து வேறோர் இடத்திலும் வையுங்கள். உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பதிவுப் பிரதி கேளுங்கள். ஞானஸ்நான, விவாகப் பதிவுகளைப் பங்குத்தந்தையிடம் விசாரியுங்கள். காணியின் பெயரையும் நாற்றிசை எல்லைகளையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.