நாளறிந்து வரும் செய்தி: செலவின்றி விளம்பரம் தேடும் வணிக நிறுவனங்கள்

புதுதில்லி: பட்ஜெட் நாளன்று மக்களவையில் நிதியமைச்சர் உரையை முடித்து அமர்வதற்குள்ளாகவே தலைநகரின் நாளிதழ் அலுவலகங்களில் கருத்துகள் குவியத் தொடங்கிவிடும். சிமெண்ட் ஆலை அதிபர் முதல் சிறு அச்சக உரிமையாளர் வரை எல்லோரிடமும் சொல்வதற்கு ஒரு வரி இருக்கும். அந்த வரி அச்சாகும்போது நிறுவனத்தின் பெயரும் சேர்ந்தே அச்சாகும். விளம்பரக் கட்டணம் ஏதுமில்லை.

ஃபிக்கி, சிஐஐ, அசோசெம் ஆகிய தொழில் கூட்டமைப்புகள் இக்கலையில் கைதேர்ந்தவை. உரையை உறுப்பினர்கள் ஒன்றாக அமர்ந்து பார்ப்பதற்கும், அங்கேயே செய்தியாளர்களிடம் பேசுவதற்கும் ஏற்பாடு செய்யப்படுகிறது. 1998 வரை மாலை 5 மணிக்குத் தாக்கலான பட்ஜெட், 1999 முதல் முற்பகல் 11 மணிக்கு மாறியது. கருத்துச் சொல்வோருக்கு முழு நாளும் கிடைத்தது.

பெரும் நிறுவனங்களுக்கு இதற்கென மக்கள் தொடர்புத் துறையே உண்டு. விளம்பரத்துக்குப் பணமில்லாத சிறு வணிகருக்கோ, காலம் அறிந்து சொல்லப்படும் செய்தி ஒன்றே வழி. ஆனால் அதைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதில்தான் பலர் தடுமாறுகின்றனர்.

"இன்று ஏன்?' என்ற கேள்வி: செய்தி ஆசிரியர் முதலில் கேட்பது, இதை இன்று ஏன் வெளியிட வேண்டும் என்பதையே. ஒரு மளிகைக் கடைக்கு வெள்ளிவிழா என்பது கடைக்காரருக்கு மகிழ்ச்சி. வாசகருக்கு அதில் ஒன்றுமில்லை. 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. அன்று, ஒரே குடும்பத்தின் பழைய ரசீதையும் புதிய ரசீதையும் அருகருகே வைத்து, எந்தப் பொருளில் எவ்வளவு குறைந்தது, எதில் குறையவில்லை என்று காட்டக்கூடிய கடைக்காரரைத் தேடிச் செய்தியாளரே வருவார்.

தில்லியின் குளிர்காலப் புகைமூட்டமும் இத்தகையதே. பஞ்சாப், ஹரியாணா வயல்களில் நெற்பயிரின் தாள் எரிக்கப்படும் அக்டோபர் இறுதியில் காற்றின் தரம் முதல் பக்கச் செய்தியாகிறது. காற்று சுத்திகரிப்புக் கருவி விற்பவர், தம் சரக்கின் புகழ் பாடினால் அந்தத் தாள் குப்பைக்கூடைக்குப் போகும். வடிகட்டியை எப்போது மாற்ற வேண்டும், எந்த அளவு அறைக்கு எந்தக் கருவி போதாது என்று சொன்னால் அது செய்தி. தம் பொருளால் எது ஆகாது என்பதையும் சொல்லத் துணிபவரே நம்பப்படுகிறார்.

அமுல் கற்றுத் தந்த பாடம்: நாட்டு நடப்பைத் தன் வணிகத்தோடு இணைப்பதில் இந்தியாவில் அமுலுக்கு ஈடு இல்லை. 1966-இல் சில்வெஸ்டர் தாகுன்ஹாவும் ஓவியர் யூஸ்டஸ் பெர்னாண்டஸும் உருவாக்கிய, புள்ளிச் சட்டை அணிந்த சிறுமி, அரை நூற்றாண்டுக்கும் மேலாக அன்றன்றைய அரசியலையும் கிரிக்கெட்டையும் திரைப்படத்தையும் கேலி செய்து வருகிறாள்.

நெருக்கடி நிலைக் காலத்தில், கட்டாயக் கருத்தடை நாட்டையே உலுக்கிய 1976-இல், வெண்ணெய்த் தட்டு ஏந்திய செவிலியாக அவள் தோன்றினாள். ஆங்கிலத்தில் கருத்தடைக்கும் கிருமி நீக்கத்துக்கும் ஒரே சொல். தாங்கள் எப்போதுமே கட்டாயமாக அதைச் செய்து வருவதாக அந்த விளம்பரம் கூறியது. தணிக்கை நிலவிய நாளில், வெண்ணெய் விளம்பரம் ஒன்று அரசியல் பேச்சாயிற்று.

இந்த விரைவுக்குப் பின்னால் ஒரு நிர்வாக முடிவு இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் முன் அனுமதி பெற வேண்டியதில்லை என்று கூட்டுறவுத் தலைவர் வர்கீஸ் குரியன் விளம்பரக் குழுவுக்குச் சுதந்திரம் அளித்திருந்தார். கோப்பு மேசை மேசையாக நகர்ந்திருந்தால் நகைச்சுவை அதற்குள் பழையதாகியிருக்கும். பணம் கொடுத்து வைத்த பலகைகளே எனினும், அவற்றைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதிய செய்திகளுக்கு அமுல் பணம் தரவில்லை.

எல்லை மீறும்போது: நேரம் பார்த்து நுழைவது எப்போதும் நன்மையில் முடிவதில்லை. 2016 நவம்பர் 8 இரவு உயர் மதிப்பு ரூபாய் நோட்டுகள் செல்லாது என அறிவிக்கப்பட்டது. ஓரிரு நாள்களுக்குள் பிரதமரின் படத்துடன் பேடிஎம் நிறுவனம் பத்திரிகைகளில் விளம்பரம் வெளியிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் ரிலையன்ஸ் ஜியோவும் பிரதமரின் படத்தைப் பயன்படுத்தியிருந்தது. எதிர்க்கட்சிகள் கேள்வி எழுப்பின. இரு நிறுவனங்களும் மன்னிப்புக் கோரியதாக 2017-இல் நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. இதற்கான 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உச்சபட்ச அபராதமே 500 ரூபாய்தான்.

இதனினும் கசப்பானது "ஃப்ரீடம் 251' கைப்பேசிக் கதை. "இந்தியாவில் தயாரிப்போம்' முழக்கம் உச்சத்தில் இருந்த 2016 பிப்ரவரியில், நொய்டாவைச் சேர்ந்த ரிங்கிங் பெல்ஸ் நிறுவனம் 251 ரூபாய்க்கு ஸ்மார்ட்போன் தருவதாக அறிவித்தது. தில்லியில் நடந்த அறிமுக விழாவில் பாஜக மூத்த தலைவர் முரளி மனோகர் ஜோஷி பங்கேற்றார். நாடு முழுவதும் தலைப்புச் செய்தி; முன்பதிவுக்குக் குவிந்தவர்களால் இணையதளம் முடங்கியது. செய்தியாளர்களுக்குக் காட்டப்பட்ட மாதிரிக் கருவியிலோ வேறொரு நிறுவனத்தின் பெயர் வெள்ளை மையால் மறைக்கப்பட்டிருந்தது. ஓராண்டுக்குப் பின், விநியோகஸ்தர் ஒருவரின் மோசடிப் புகாரில் நிறுவன இயக்குநர் கைது செய்யப்பட்டார்.

அந்த விலைக்கு ஒரு கைப்பேசியின் திரையையாவது வாங்க முடியுமா என்று கணக்குப் பார்ப்பதற்கு முன்பே பல இடங்களில் செய்தி வெளியாகிவிட்டது. காலத்துக்குப் பொருத்தமாக வந்தது என்பதே அதன் தகுதியாகிவிட்டது.

ஊடகத்தின் பொறுப்பு: செய்தியும் வணிகமும் கலக்கும் இடத்தைப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபியும் கவனித்துள்ளது. நிறுவனங்களின் பங்குகளைப் பெற்றுக்கொண்டு ஊடகங்கள் அவற்றுக்கு விளம்பர இடம் தரும் "தனி ஒப்பந்தங்கள்' குறித்து 2009-இல் அது இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலுக்கு எழுதியது. ஒரு நிறுவனத்தைப் பற்றிய செய்தியில், அதில் தமக்குள்ள பங்கை ஊடகங்கள் வெளியிட வேண்டும் என்ற நெறி 2010-இல் கட்டாயமாக்கப்பட்டது.

ஒரு தொழில் தன்னை அறிமுகப்படுத்திக் கொள்வதில் தவறில்லை. சிறு வணிகர் தம் கணக்கேட்டிலிருந்து தரும் உண்மையான தகவல், அரசின் கொள்கை எளிய குடும்பத்தை எப்படித் தொடுகிறது என்பதைச் சில சமயம் அமைச்சக அறிக்கையைவிடத் தெளிவாகக் காட்டும். அதைச் சரிபார்த்து வெளியிடுவது பத்திரிகையின் கடமை. பண்டிகைக்குப் பண்டிகை வெளியாகும் "இத்தனை ஆயிரம் கோடி விற்பனை' போன்ற தொகைகளைப் படிக்கும்போது, இதைக் கணக்கிட்டது யார், எப்படி என்று கேட்பது வாசகரின் உரிமை.